நான்கு மணிக்குப் போடவேண்டிய கையெழுத்து

ஜனவரி 10, சனிக்கிழமை, காலை ஆறு பத்து. கார்டுகள் ஐந்து. ஐந்திலும் சேர்த்துக் கட்டவேண்டியது ஆறு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். என் கணக்கில் இருப்பது பதினோராயிரம். சம்பளம் வர இன்னும் மூன்று வாரம்.

டேய் தம்பி, எண்களை முதலில் எழுதிவிட்டேன். பிறகு எழுதலாம் என்று வைத்தால் எழுத மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். இன்று மாலை நான்கு மணிக்கு ஒருவர் நம் வீட்டுக்கு வருகிறார். வங்கிக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட். இந்த ஃபிளாட்டின் மேல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடனோடு இன்னொரு ஏழு லட்சத்தைச் சேர்த்துத் தருவார்கள், அதற்கு டாப்-அப் என்று பெயர். நானும் உன் அம்மாவும் கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும், ஐந்து கார்டும் ஒரே நாளில் பூஜ்யமாகும். போடுவதா வேண்டாமா என்று அதற்குள் முடிவு செய்யவேண்டும். நீ உள்ளே தூங்குகிறாய். உனக்கு ஐந்து வயது. நான் எழுதுவது அந்த ஐந்து வயதுக்காரனுக்கு இல்லை. முதல் சம்பளம் வாங்கிவிட்டு, யாரோ ஃபோனில் ‘சார், உங்களுக்கு ஒரு கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு’ என்று சொல்வதைக் கேட்டு மனதுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிற அந்த ஆளுக்கு. அப்பா என்றவுடன் நரைத்த தலையை நினைத்துக்கொண்டு படிக்காதே. இதை எழுதும்போது எனக்கு முப்பத்து நான்கு. உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் பெரியவன். இதை எல்லோரும் படிக்கும்படி வெளியில் போடுகிறேன். திங்கட்கிழமையே கேட்டேன், உன் அம்மா சரி என்றாள். ‘நம்ம பேர மட்டும் போடாதீங்க’ என்றாள்.

எழுதவேண்டும் என்று தோன்றியது போன ஞாயிற்றுக்கிழமை காலையில். நீ பால்கனியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாய். முன்னால் யானை, டைனோசர், மஞ்சள் ஆட்டோ, வரிசையாக. டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு பேசினாய். “சார், வணக்கம் சார். தீனா சாரா? இன்னிக்கு எவ்ளோ கட்டுவீங்க சார்? டேட் சொல்லுங்க சார். சரியான டேட் சொல்லுங்க.” யானை பதில் சொல்லவில்லை. உன் அம்மா கேட்டாள், “யார்ரா அது ஃபோன்ல?” “பேசமாட்டேங்கறாங்கம்மா.” “பேசலன்னா என்ன பண்ணுவ?” “மறுபடியும் அடிப்பேன்.” அவள் சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினாள், பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தக் குரலை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். காலையில் ஷூ போடும்போது ஃபோனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசுவேன், அப்போது நீ ஸ்கூல் வேனுக்காகப் பக்கத்தில் நிற்பாய். கடன் வசூலிக்கிறவர்கள் அடிப்பார்கள், தேடுவது எதிர் வீட்டு தீனாவை. கடன் வாங்கும்போது அவன் தெரிந்தவர் என்ற இடத்தில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். ஆனால் இந்த இரண்டு மாதமாக வேறு அழைப்புகளும் வருகின்றன. அதே மரியாதை, அதே ‘சரியான டேட் சொல்லுங்க’. தேடுவது என்னை. உனக்கு இன்னும் இரண்டும் ஒன்றுதான். யானைக்கு நீ வைக்கும் பெயர் என்றைக்கு மாறும் என்று அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டே இருக்கிறேன்.

தீனாவை உனக்கு ஞாபகம் இருக்காது. இந்தப் பருத்திப்பட்டு ஃபிளாட்டுக்கு நாம் குடிவந்த அதே மாதம் எதிர் வீட்டுக்கு வந்தவன். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரே வயது, ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே வங்கியில் வீட்டுக் கடன். அவன் பெண் மித்ராவுக்கு உன்னைவிட ஒரு வயது அதிகம். நான் திண்டுக்கல்லில் இருந்து வந்தவன், கட்டடத்தில் ஒருவரையும் தெரியாது. அவன்தான் முதல் நாளே கதவைத் தட்டி, “இன்னா மாமே, ஊட்ல தண்ணி வர்தா? மோட்டார் போட்டவன் தூங்கிக்கினு கீறான், வா எழுப்பலாம்” என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னையும் மித்ராவையும் பைக்கில் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவருவான். கூட்டிக்கொண்டு போகிறவன் முகத்தில் உங்கள் இருவரையும்விட அதிகச் சந்தோஷம் இருக்கும். கெட்டவன் இல்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டு அவனைக் கெட்டவனாக நினைத்துவிட்டால் நீ எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

கார்டைச் சுற்றவிடும் வித்தையை எனக்குச் சொன்னது அவன். கார்டில் இன்று செலவு செய்தால் ஒன்றரை மாதம் வரை வட்டி இல்லாமல் கட்டலாம். இது உண்மை. வாடகை கட்டும் செயலி ஒன்றில் நான் உன் அம்மாவுக்கு வாடகை கொடுப்பதாகப் பதிவு செய்தால், கார்டிலிருந்து பணத்தை எடுத்து அவள் வங்கிக் கணக்கில் போடுவார்கள், நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தை வைத்து முந்தைய கார்டைக் கட்டலாம். அடுத்த மாதம் இதைக் கட்ட இன்னொன்று. ஐந்து கார்டுகள் ஐந்து வேறு தேதிகளில் பில் போட்டால் பணம் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கேயும் உட்காராது. “காசு இன்னாத்துக்கு மாமே தூங்கணும்? சுத்தவுடு” என்பான். சொந்த வீட்டில் பெண்டாட்டிக்கு வாடகை கொடுக்கிற புருஷர்கள் நாங்கள். அதையும் வைத்துச் சிரிப்பான். உன் அம்மாவைப் பார்த்து, “இன்னா ஹவுஸ் ஓனரம்மா, இந்த மாசம் வாடக வந்துச்சா? வர்லன்னா சொல்லு, சாமானத் தூக்கி வெளில வச்சிரலாம்” என்பான். அவளும் சிரிப்பாள். பணம் அவள் கணக்குக்குத்தான் வரும், திருப்பி அனுப்புவதும் அவள்தான். நான் மட்டும் செய்தேன், அவள் அப்பாவி என்று நீ கதை கட்டாதே. அவளுக்கு அது பிடிக்காது.

என் வேலை சாஃப்ட்வேர் சோதிப்பது. ஒரு நிரல் எங்கே உடையும் என்று தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இந்தச் சுற்று எங்கே உடையும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை ரூபாய் கசிகிறது, அதை எதுவும் நிரப்பவில்லை, ஒரு நாள் நிற்கும். தெரிந்தும் செய்தேன். ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் அது ஓடியது. தேதிகளை ஃபோனில் வண்ணம் வண்ணமாகப் போட்டு வைத்திருந்தேன். எதையும் தவறவிட்டதில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்து நான் ஒழுங்கானவன் என்று நம்பினேன். தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படி. தேதி தவறாமல் கட்டுவது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் அந்தப் பழக்கம் அருமையாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீனாவின் சுற்று கனத்துப்போனது. அவன் எடுத்த முடிவு இன்று மாலை என் முன்னால் இருக்கிற அதே முடிவு. ஃபிளாட்டின் மேல் டாப்-அப். எட்டு லட்சம் வாங்கினான், எல்லாக் கார்டையும் அடைத்தான். அந்தச் சனிக்கிழமை மாலை மொட்டை மாடியில் பார்ட்டி வைத்தான். கடன் தீர்ந்த பார்ட்டி. ஆறு வீட்டுக்காரர்கள் வந்தோம். கேக்கின் மேல் பெரிய பூஜ்யம் ஒன்றை மட்டும் எழுதி வாங்கிவந்திருந்தான். கரையான்சாவடியிலிருந்து பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கியது. மித்ராவும் நீயும் அந்தப் பூஜ்யத்தை விரலால் வழித்து வழித்துத் தின்றீர்கள். மாடி வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார், “ஏன் தீனா, கடன் தீந்துச்சுன்னா பார்ட்டி வக்கறதா, படுத்துத் தூங்கறதா?” “தூங்கறதுதான சார். துன்னுட்டுத் தூங்குவோம்” என்றான். அப்போது பிரியாணிக்காரன் கையில் கார்டு மெஷினோடு படியேறி வந்தான். தீனா பர்ஸை எடுத்தான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்று மதியம்தான் பூஜ்யமான கார்டு. அதை நீட்டினான். என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு, “பாயிண்ட் வரும்ல மாமே” என்றான். மெஷின் கிர்ரென்று சீட்டைத் துப்பியது. அவ்வளவுதான். ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. நானும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

எட்டு மாதத்தில் கார்டுகள் பழையபடி நிரம்பிவிட்டன. இப்போது அதற்கு மேல் டாப்-அப் தவணை வேறு. பிறகு ஃபோன் செயலியில் ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறவர்களிடம் போனான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை நானும் அவனும் ஒரே லிஃப்டில் இறங்கினோம். “மாமே, உன் சார்ஜர் ஒண்ணு என்னாண்ட கீது, சாய்ந்தரம் தரேன்” என்றான். பைக்கை எடுத்துக்கொண்டு போனான். சாயந்தரம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவன் மனைவி லதா போலீசில் எழுதிக்கொடுத்தாள். ஃபோன் அணைந்திருந்தது. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்று இந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. பத்து நாள் பொறுத்துவிட்டு லதா மித்ராவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு முறை, குழந்தையின் ஸ்வெட்டரையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்துப்போக வந்தாள். உன் அம்மா காபி கலந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு லதா சொன்னது ஒன்றுதான். “எவ்ளோன்னு எங்கிட்ட சொல்லிருந்தா, கூட சேந்து அழுதிருப்பேன் அக்கா. அவரு பார்ட்டிதான வச்சாரு.”

லதாவும் போன பிறகு அந்த வீட்டுக் கதவு கத்த ஆரம்பித்தது. தவணையில் வாங்கிய டிஜிட்டல் பூட்டு. பேட்டரி தீரப்போகிறது என்று சில நிமிஷத்துக்கு ஒரு முறை கீச்சென்று ஒரு சத்தம் போடும். நடைபாதை முழுக்கக் கேட்கும். நீ வாசலில் செருப்பை மாட்டும்போது நின்று கேட்டுவிட்டு, “தீனா அங்கிள் வீடு கூப்பிடுது” என்பாய். உன் அம்மா தோசை வார்க்கும்போது அந்தச் சத்தத்துக்குத் திருப்பிப் போடுவாள், அவளே ஒரு நாள் அதைக் கவனித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அசோசியேஷன்காரர்களிடம் சொன்னேன். “அவங்க ஊட்டுப் பூட்ட நாம எப்படி சார் கழட்டறது” என்றார்கள். மூன்று வாரம் போல ஓடியது. பிறகு ஒரு காலை அந்தச் சத்தம் வரவில்லை. காத்திருந்தேன், வரவில்லை. அன்றைக்கு நான் ஆஃபீஸ் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். கார்த்திகையில் வங்கிக்காரர்கள் அந்தக் கதவின் மேல் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பைக் ஆவடி ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது. போலீஸ் வந்து பார்த்து, எழுதிக்கொண்டு, அங்கேயே விட்டுவிட்டார்கள். லதா எடுக்க மறுத்துவிட்டாள். நான் தினமும் அம்பத்தூர் ஆஃபீஸுக்கு ரயில் பிடிக்கும் இடம் அது. ஸ்டாண்டுக்காரர் ஒரு நாள் என்னை நிறுத்தினார். “அண்ணாத்தே, நீங்க அந்தாளோட வருவீங்கள்ல? வாடக ஏறிக்கினே கீது. இப்டியே போனா வண்டி வெலையத் தாண்டிரும்.” எனக்குச் சொந்தமில்லை என்றேன். “சொந்தமில்லன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. வண்டி மட்டும் என் தலையில குந்திக்கினு கீது” என்றார். அவரைத் தாண்டிப் போகும்போது சீட்டின் மேல் கை வைத்தேன், தூசியில் என் ஐந்து விரலும் பதிந்தது. மறுநாள் போனபோது அந்தக் கைத்தடம் அப்படியே இருந்தது. அதன் பிறகு நான் ரயிலில் போவதில்லை. பூந்தமல்லி பக்கம் சுற்றிக்கொண்டு காரில் போகிறேன். பெட்ரோல் கார்டில் போகிறது. ஒரு பைக்கைப் பார்க்காமல் இருப்பதற்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் செலவு செய்கிறேன், தம்பி. செலவுக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

இவ்வளவு பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை. நீ கேட்கப்போவது இதைத்தான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நிறுத்த முடியாது. சுற்றுகிற பணத்தை நிறுத்தினால் மொத்தமும் அன்றைக்கே நம் தலையில் இறங்கும். கடைசியில் நான் நிறுத்தாமல் அதுவே நின்றது. வாடகைச் செயலிகள் ஒவ்வொன்றாக அந்த வசதியை எடுத்துவிட்டன. ஐந்து கார்டிலும் பணம் உட்கார்ந்துவிட்டது. இப்போது மாதம் வட்டி மட்டும் ஏறக்குறைய இருபத்து நாலாயிரம். பில்லில் வங்கிக்காரன் ‘குறைந்தபட்சம் கட்டவேண்டியது’ என்று ஒரு சின்னத் தொகை போட்டிருப்பான். கொட்டை எழுத்தில், கண்ணுக்குக் குளிர்ச்சியாக. அதைத் தேதிக்குள் கட்டினால் அவன் சத்தம் போடமாட்டான், அவ்வளவுதான். கடன் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் இரண்டு மாதம் அதைத்தான் கட்டினேன், அதுவும் தேதி தாண்டி.

அந்த ஏஜென்ட் செவ்வாய்க்கிழமை ஒரு முறை வந்தார். நல்ல மனிதர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். உள்ளே நுழையும் முன் எதிர்க் கதவு நோட்டீஸைப் படித்தார். சோஃபாவில் உட்கார்ந்ததும், “எதிர் வீட்டு சார் ஃபைலும் நான்தான் பண்ணேன். டீசன்ட் பார்ட்டி. மாறிட்டாங்களா?” என்றார். “ஆமா” என்றாள் உன் அம்மா. அவர் தலையை ஆட்டிவிட்டு என் சம்பளச் சீட்டைப் பார்த்தார். “ஏழு எதுக்கு சார்? உங்க ப்ரொஃபைலுக்குப் பத்து கண்ண மூடிக்கினு தருவாங்க. மூணு கையில இருக்கட்டும், பொங்கல் வேற வருது.” “ஏழு போதும்” என்றேன். “எத்தன வருஷம்?” என்று கேட்டாள் உன் அம்மா. “வீட்டு லோன் இன்னும் எத்தன வருஷம் இருக்கோ அத்தன மேடம். பதினேழு. மாசம் ஆறாயிரத்து எழுநூறுதான். குடுக்கறதே தெரியாது.” நீ அப்போது அவர் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய். அவர் உனக்கு ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார்.

கணக்கு சரி. அதை நான் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். இருபத்து நாலாயிரம் வட்டிக்குப் பதில் ஆறாயிரத்து எழுநூறு. எந்தப் புத்தகமும் எந்த ஆலோசகரும் போடு என்றுதான் சொல்வார்கள். வியாழக்கிழமை உன்னை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது உன் அம்மாவிடம் அதையே சொன்னேன். அவள் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். “குடுக்கறதே தெரியாதுன்னாரே, அதாங்க எனக்கு பயமா கீது” என்றாள். “கணக்குப் புரியுதா இல்லையா உனக்கு?” என்று கத்தினேன். கேட் வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். “உங்க கணக்கு தப்புன்னு நான் சொல்லல. தீனாண்ணன் கணக்கும் தப்பில்ல” என்றாள். அவளே தொடர்ந்தாள். “கார வித்துடுங்க. என் வளையல் நாலும் போட்டுடலாம். மிச்சத்துக்கு இந்த வீட்ட வாடகைக்கு வுடுங்க.” “நாம எங்க போறது?” “எங்கயாவது சின்னதாப் பாத்துக்கினு போவோம். பொறந்ததுலேந்து கல்யாணம் வரைக்கும் நான் குவார்ட்டர்ஸ்ல ஒரே ரூம்ல நாலு பேரோட இருந்தேன். செத்தா பூட்டேன்?” ‘பையனுக்கு ரூமு’ என்று ஆரம்பித்தேன். “அவன் நம்ம நடுவுலதான் வந்து படுக்கறான். ரூமு உங்களுக்குத்தான்” என்றாள்.

நேற்று அவளிடம் சொல்லாமல் பூந்தமல்லியில் பழைய கார் வாங்குகிற இடத்துக்குப் போனேன். விலை குறைவாகச் சொன்னால் அதை வைத்து அவள் வாயை அடைக்கலாம் என்று. உண்மை இதுதான். அந்த ஆள் காரைச் சுற்றிவந்து டயரைக் காலால் தட்டினான். “இன்னா சார், ஃபாரினா? இல்ல கார்டா?” என்றான். “ஏன்?” என்றேன். “பொங்கலுக்கு முன்னால வாங்கத்தான் சார் வருவாங்க. விக்க வர்றவங்கன்னா ஒண்ணு ஃபாரின் போறவங்க, இல்லன்னா கார்டு. சும்மா கேட்டேன், கோச்சிக்காதீங்க” என்றான். மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் தருவதாகச் சொன்னான். நான் நினைத்ததைவிட அதிகம். எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது மணி எட்டு. உன் அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க, காலங்காத்தால?” “பையனுக்கு எழுதறேன்.” “அவனுக்கு இன்னும் ‘அ’வே கோணலா வருது” என்றாள். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்ன முடிவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது எளிது.

சோதிக்கிற வேலையில் ஒரு விஷயம் உண்டு. ஒரே பிழை இரண்டாம் முறை வந்தால் அதைத் திருத்தியதாகக் கணக்கில் எடுக்கமாட்டோம். மூடி மறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். தீனா கார்டுகளைப் பூஜ்யமாக்கியபோது அவனுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. வாங்கிய கடன் கண்ணுக்குத் தெரியாத பத்தொன்பது வருஷத் தவணைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கையில் காலிக் கார்டும், மனதில் கடன் தீர்ந்தவன் என்ற நினைப்பும் மட்டும் மிஞ்சின. அந்த மாடியில் கார்டை நீட்டியபோது அவன் கை தயங்கவே இல்லை. என் கையும் தயங்காது, எனக்கு அது நன்றாகவே தெரியும். கார்டுகளை வெட்டிப்போட்டுவிட்டால்? வெட்டலாம். புதிய கார்டு வாங்க ஒரு ஃபோன் போதும், அவர்களே அடிப்பார்கள். விற்ற கார் ஒரு ஃபோனில் திரும்பி வராது. காலி செய்த வீட்டுக்கு நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது. எனக்கு வலிக்கவேண்டும். அலமாரியைத் தூக்கும்போது முதுகில் தெரியவேண்டும்.

இன்னொன்று. பதினேழு வருஷம் என்றால் உனக்கு இருபத்திரண்டு. நீ படிப்பை முடித்து, முதல் சம்பளம் வாங்கி, இந்தக் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் நான் மாதம் ஆறாயிரத்து எழுநூறு கட்டிக்கொண்டிருப்பேன். எதற்கு? உனக்கு ஒரு வயதில் வாங்கிய சோஃபாவுக்கு. நான் ஓட்டிப் பார்த்து இரண்டாம் மாதமே அலுத்துப்போன சைக்கிளுக்கு. ஞாபகமே இல்லாத எத்தனையோ பிரியாணிக்கு. ஏழு வாங்கிப் பதிமூன்றரைக்கு மேல் கட்டியிருப்பேன். நடுவில் எனக்கு ஒன்று ஆனால், நீ விளையாடின அந்த ஃபோனை உண்மையிலேயே நீ எடுத்துப் பேசவேண்டி வரும். பேசமாட்டேங்கறாங்க என்று நீ சொன்ன இடத்தில் நான் இருப்பேன். இதைத்தான் ஒரு வாரமாக என்னால் தாண்ட முடியவில்லை.

எட்டு நாற்பதுக்கு ஏஜென்டுக்குச் செய்தி அனுப்பினேன், கையெழுத்து இல்லை, வரவேண்டாம் என்று. உடனே அழைத்தார். “சார், வட்டி ரேட் கால் பாயிண்ட் கொறைக்கச் சொல்றேன். நான் வந்தே பேசறேன்.” “வாங்க. ஆனா போடமாட்டேன்” என்றேன். “ஏன் சார், என்னா ஆச்சு?” “எனக்குத் தெரியணும். குடுக்கறது தெரியணும்.” அவருக்கு விளங்கவில்லை. சமையலறையில் உன் அம்மா குழாயை மூடிவிட்டு நின்றது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் மறுபடி வந்தது.

பயம் போகவில்லை. உனக்குத் தைரியம் சொல்லி முடிக்க ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை. நடைபாதையில் எதிர்க் கதவைப் பார்க்கும்போது இப்போதும் அதற்குள் நாம் மூன்று பேரும் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. நீ எழுந்துகொள்ளும் சத்தம் கேட்கிறது. செய்யவேண்டியதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

1. இன்று பத்து மணிக்குப் பூந்தமல்லிக்குக் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்புவது. வந்த பணத்தை இன்றைக்கே வட்டி அதிகமான இரண்டு கார்டில் கட்டி, அந்த இரண்டையும் மூடச் சொல்லி எழுத்தில் கொடுப்பது.

2. வளையலை விற்பதா என்று உன் அம்மாவிடம் இன்னொரு முறை கேட்பது. அவள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுவது.

3. இந்த வீட்டை வாடகைக்கு விடுவது. வருகிறவர்கள் கொடுக்கும் அட்வான்ஸ் அவர்கள் பணம். அதைத் தொடாமல் தனியாக வங்கியில் போட்டுவைப்பது.

4. ஆவடியில் ஒரு படுக்கையறை வீடு, ஒன்பதாயிரத்துக்குள். தை பிறந்ததும் மாறிவிடுவது. மிச்சக் கடன் ஆடி மாதத்துக்குள் முடியவேண்டும்.

5. ஞாயிறுதோறும் காலையில் நானும் உன் அம்மாவும் உட்கார்ந்து, அந்த வாரச் செலவை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது. மனதுக்குள் படித்தால் எல்லாச் செலவும் நியாயமாகத்தான் தெரியும்.

6. திங்கட்கிழமை முதல் ரயிலில் போவது.

7. நீ பல் தேய்த்து முடித்ததும் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீடு மாறப்போகிறோம் என்று சொல்வது. ஏன் என்று கேட்பாய். ‘அப்பா நெறைய செலவு பண்ணிட்டேன்’ என்று சொல்வது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் இருப்பது.